இடது இருக்கையின் அறுபத்திரண்டு கிலோ

இன்று காலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இடது இருக்கைக்கு அடியில் ஒரு நெல் கிடைத்தது. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளுவதற்கு ஓர் இரும்புத் தடம் இருக்கிறதே, அதன் இடுக்கில் சிக்கிக் கிடந்தது. உமி கழலாத முழு நெல். உத்திரமேரூரில் நெல் கிடைப்பது அதிசயம் இல்லைதான். பாதி ரோட்டில் காயப்போட்டிருக்கிறார்கள், செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருகிறது. ஆனால் இந்த வண்டிக்குள் செருப்போடு ஏற நீ யாரையும் விட்டதில்லையே. நீயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாய். பிறகு இது எப்படி உள்ளே வந்தது?

உனக்குத் தெரியும், ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் அப்புறம் எனக்குச் சோறு இறங்காது.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு இந்த ஆறு மாதமாக வண்டி எனக்கு அடங்கவில்லை. வலது வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இடது வளைவில் மட்டும் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டு, மூக்கு வெளியே ஓடுகிறது. போன மாதம் நேரப் பந்தயத்துக்குப் போயிருந்தேன். மைதானத்தில் கூம்புகளை நட்டு, ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டு நேரம் பார்ப்பார்களே, அதுதான். இடது திருப்பத்தில் நான்கு கூம்புகளைச் சாய்த்துவிட்டு வந்தேன். டயரில் காற்றைப் பார்த்தேன், அலைன்மென்ட் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. என் கைதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். இந்த ஞாயிறு பந்தயத்திலும் இப்படியே என்றால் விற்றுவிடுவதாக மானாம்பதியில் ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நெல்லைப் பார்த்துக்கொண்டே நின்றபோது அந்தச் சாக்கு நினைவுக்கு வந்தது.

பழைய சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்ட வாரம் அது. பழைய ஸ்பிரிங்குகள் மெத்தை மாதிரி. புதியவை விறைப்பானவை, வண்டியைத் தாழ்வாக உட்காரவைப்பவை. ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம்; அதைத் திருகி அந்த மூலையை மட்டும் ஏற்றலாம், இறக்கலாம். உயரம் பார்த்தால் போதாது, நான்கு சக்கரமும் எவ்வளவு எடை தாங்குகின்றன என்றும் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து உன்னிடம் அளந்தேன். அதற்கென்று தனித் தராசு உண்டு, அதற்கெல்லாம் எங்கே போவது என்றேன். அரிசி மில்லில் பதினைந்து வருடமாக நெல் எடை போடுகிறவன் நீ. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தராசுதானே? எங்க மில்லுல நாலு கீது. ஞாயித்துக்கெயம வண்டிய எடுத்துக்கினு வா."

மூட்டை போடும் தராசுகள் நான்கு, சக்கரத்துக்கு ஒன்றாக. பலகை வைத்து வண்டியை ஏற்றினோம். உன் தங்கச்சி செல்வி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஊர்ல எல்லாம் வண்டிய ஒசத்துவாங்க, நீங்க இன்னாண்ணா எறக்கிக்கினு கீறீங்க? ஸ்பீடு பிரேக்கர் மேல குந்திக்கும்" என்று சிரித்தாள். எத்தனை முறை குந்திக்கொண்டது என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

எண்களைப் பார்க்க நான் இறங்கினேன். நீ கத்தினாய். "டேய், நீ எறங்கிட்டா அது வேற வண்டி. ஏறிக் குந்து."

"என் எடை எழுபத்தெட்டு. கடைசியில கழிச்சுக்கோயேன், சாக்கு எடை கழிக்கிற மாதிரி."

"சாக்கக் கழிப்பேன். ஓட்றவனக் கழிக்க முடியுமாடா?"

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மூச்சைப் பலமாக விடாதே, நம்பர் ஆடுகிறது என்று அதற்கும் திட்டினாய். அப்போதுதான் வாய் கட்டாத ஒரு சாக்கு நெல்லைத் தூக்கிவந்து இடது இருக்கையில் வைத்தாய். எதற்கு என்று கேட்டேன். "மய வர்ற மாரி கீது. நனைஞ்சிடும், ஓரமா இருக்கட்டும்" என்றாய். நான் வானத்தைப் பார்க்கவில்லை. நம்பினேன்.

பிறகு நீயே அடியில் படுத்து நான்கு வளையங்களையும் திருகினாய். சாயங்காலம் ஏரிக்கரைச் சாலையில் போனோம். இடமோ வலமோ, வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. நீ வாய்விட்டுச் சிரித்தாய். அதற்கப்புறம் நீ இருந்த இரண்டு மாதமும் அந்த வண்டி உன்னை ஏற்றிக்கொள்ளாமல் தெருவைத் தாண்டியதில்லை. வலிப்பு இருந்ததால் உனக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. இடது இருக்கைதான் உனக்கு. கடைசியில், எல்லோரும் பயந்த வலிப்பு உன்னை ஒன்றும் செய்யவில்லை. யாரும் நினைக்காத நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது.

எடை எழுதிய சீட்டு இன்னும் டேஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கிறது. இன்றுதான் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மேலே உன் கையெழுத்தில் "காலி வண்டி 1060". கீழே நான்கு சக்கரத்துக்கும் நான்கு எண்கள், கூட்டினால் 1200. என் எழுபத்தெட்டைக் கழித்தேன். அறுபத்திரண்டு மிஞ்சியது, அந்தச் சாக்கின் எடை.

தவறிப்போய் ஒரு சாக்கை விட்டுவைக்கிற ஆள் இல்லை நீ. அப்படியென்றால் ஏன் அறுபத்திரண்டு? நேரே மில்லுக்கு வண்டியை விட்டேன். உன் இடத்தில் இப்போது செல்விதான் எடை போடுகிறாள். சீட்டைக் காட்டி, மிஞ்சிய அறுபத்திரண்டைச் சொன்னேன்.

"அது எங்க அண்ணன் எடண்ணா. தெனம் காலீல மொத மூட்டைக்கு முன்னாடி தராசு சரியா கீதான்னு அவரே ஏறி நிப்பாரு. அறுபத்திரண்டு காட்னாதான் வேலைய ஆரம்பிப்பாரு."

மழையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உன் எடைக்கு நெல்லை அளந்து உட்காரவைத்துவிட்டு, நம் இருவருக்குமாக வண்டியைச் செட் பண்ணியிருக்கிறாய். என்னிடம் கேட்டிருந்தால் சரி என்றுதானே சொல்லியிருப்பேன்? ஏனடா கேட்கவில்லை? ஆறு மாதமாக என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன். கையில் ஒன்றுமில்லை. நீ இல்லாமல் வண்டி இடப்பக்கம் அரை விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மில் வாசலில் நின்று அழுதேன். செல்வி பார்க்காத மாதிரி சாக்கை அடுக்கினாள்.

பிறகு அவளே கேட்டாள். "அவரு திருகினத மாத்தப் போறீங்களா?"

வேண்டாம் என்றுதான் நாக்கில் வந்தது. அந்த வளையங்களைக் கடைசியாகத் தொட்டது உன் கை. அப்படியே இருக்கட்டும், பந்தயமும் வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் நிற்பது உன் தராசுக்கு முன்னால். ஒருமுறை புள்ளலூர்ப் பெரியவர் ஒருவர், வீட்டில் எடை போட்டபோது மூட்டை அதிகம் இருந்தது என்று உன்னோடு மல்லுக்கு நின்றாரே, நினைவிருக்கிறதா? ஈர நெல், காய்ந்து குறைந்திருந்தது. நீ கோபப்படவில்லை. "நைனா, நேத்து இருந்தது நேத்தோட போச்சு. இன்னிக்கு கீறதத்தான் நான் எட போடுவேன்" என்றாய். அவர் அந்த எடைக்கே ஒப்புக்கொண்டார். இன்று நானும்.

தராசில் வண்டியை ஏற்றினோம். நான் உட்கார்ந்து காட்ட, செல்வி எண்களைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் இறங்கிப்போய்த் திருகினேன். இடப்பக்க வளையங்கள் மூன்றரைச் சுற்று இறங்கின. முதல் சுற்றுக்குத்தான் கை வரவில்லை.

திரும்பும்போது ஏரிக்கரை வழியாகவே வந்தேன். இடது வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மானாம்பதிக்காரருக்குப் போன் போட்டு, விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

ஒன்று மட்டும் செய்தேன். தராசில் ஏற்றுவதற்கு முன்பே அந்த நெல்லை எடுத்த இடத்திலேயே, இடது இருக்கையின் தடத்தில் திரும்பப் போட்டுவிட்டேன். நான்கு தராசுகளில் ஒன்றுகூட அதைக் காட்டவில்லை.