மண்வெட்டி பிடித்த வெள்ளைக்காரர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கும் சித்தியின் மகள்மாருக்கு நான்தான் வரலாறும் புவியியலும் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று மூத்தவள் மெர்லினுக்கு எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றி விளக்கும்போது, இளையவள், ஆறு வயது அனு நச்சரித்தாள்.

"எங்கட துறைமுகம் ஏன் அக்கா இவ்வளவு ஆழம்?"

அவள் வாயை அடைக்க, "வெள்ளைக்காரர் தோண்டினவை" என்றேன். அது இயற்கைத் துறைமுகம் என்று எனக்குத் தெரியும்.

அனு மண்வெட்டிகளோடு வெள்ளைக்காரரை வரைந்து, துறைமுகத்தில் வேலைசெய்யும் சித்தப்பாவிடம் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆர் பிள்ளை இந்தக் கதை சொன்னது?"

"அக்காதான் சொன்னவ."

"நான் அப்படிச் சொல்லேல்லை," என்றேன். மெர்லின் என்னையே பார்த்தாள்.

அனு யோசித்தாள். "அப்ப நான்தான் பிழையாக் கேட்டிருப்பன்."

அழிறப்பரை எடுத்து வெள்ளைக்காரரை ஒவ்வொருவராக அழித்தாள். தாள் நழுவாமல் நான் பிடித்துக்கொடுத்தேன்.