அடுப்பேறாத காளான்

மேகம் தங்கும் நீர்மலை நாடாளும் மன்னர் பெருமழைக்கோவின் திருவாணைப்படி, அமைச்சன் காரி சாத்தன், குறும்பொறைத் தலைவர் வேட்டன் ஆதனாருக்கு வரைந்து விடுக்கும் ஓலை. தங்கள் குன்றுகளில் சுனை வற்றாதிருக்க. தங்கள் குடிகளின் அடுப்பில் புகை அறாதிருக்க.

தாங்கள் விடுத்த ஓலை மன்னர் திருமுன் வாசிக்கப்பட்டது. காளான் உண்பவரையே மின்னல் தேடி வந்து தாக்குகிறது என்றும், மலைமேட்டில் மாண்ட கொற்றனுக்கு அவன் மனைவி நச்சி காளான் சமைத்துக் கொடுத்ததே அவன் சாவுக்குக் காரணம் என்றும், ஆதலால் அவளை நாட்டின் எல்லைக்கு அப்பால் துரத்த இசைவு வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. உண்மை அறிந்து வருமாறு மன்னர் பணித்தார். அடியேன் வந்தபோது தாங்கள் வேட்டைக்குச் சென்றிருந்தபடியால், கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அங்கே மேகங்கள் ஆட்டுமந்தை போல ஊருக்குள் புகுந்து, வாசல்களில் சற்றே படுத்து, எழுந்து போயின. ஓசையில்லாத மின்னல்கள் தொலைவில் திறந்து திறந்து மூடின. அவ்வொளியில் மேட்டுப் புல்வெளியெங்கும் காளான்கள் வெள்ளை வெள்ளையாய் விழித்திருந்தன. விண்மீன்கள் இறங்கி வந்து தரையில் இளைப்பாறுவதாகவே தோன்றிற்று.

குடிகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தேன். மின்னல் பட்டு மாண்டோர் எல்லாரும் காளான் பிரியர் என்பது மெய்தான். ஆயின் ஊரிலேயே மிகுதியாகக் காளான் உண்பவர் கால் முடங்கிய தச்சர் பிட்டனார். இடி கேட்டதும் பிறர் கூடையோடு மேட்டுக்கு ஓடுவார்கள் என்றும், தாம் சட்டியைக் கழுவி வைத்துக் காத்திருப்பது வழக்கம் என்றும், மின்னலுக்கும் தம்மைப் போலக் கால் வராதோ என்னவோ, இதுவரை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

நச்சியை ஊர்ப்புறத்து மாட்டுக் கொட்டிலில் அடைத்திருந்தார்கள். அன்று காலை கணவனுக்கு வரகுக்கஞ்சி மட்டுமே கொடுத்ததாகச் சொன்னாள். மழை கண்டு முளைத்த முதல் காளானைப் பறித்து வருகிறேன், மிளகு அரைத்து வை என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை என்றும், அரைத்த மிளகு அம்மியிலேயே காய்ந்து கிடக்கிறது என்றும் சொன்னாள். பிறகு, தின்னாத கறிக்காகவா ஐயா என்னைத் துரத்துகிறார்கள் என்று கேட்டாள். மேட்டுக்குச் சென்று பார்த்தேன். கொற்றனின் கூடை அங்கேயே கிடந்தது. பறித்த காளான்கள் அதில் அப்படியே வாடிச் சுருண்டிருந்தன.

அன்று மாலை பிட்டனார் வீட்டில் வயிறு நிறையக் காளான் கறி உண்டு கூரையடியில் அமர்ந்தேன். உடன் வந்த காவலர் எல்லாரும் என்னை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தனர். மின்னல் வந்தது. மேட்டில் தனித்து ஓங்கி நின்ற பனையில் இறங்கிற்று. அப்பனை தன் வாழ்நாளில் மழைநீரன்றி வேறெதுவும் உண்டறியாதது.

ஆகவே மன்னர் ஆணை இது. மின்னல் எவர் வயிற்றையும் பார்ப்பதில்லை. காளான் உண்ணத் தடையில்லை. ஆனால் இடி ஓய்ந்து மேகம் விலகும்வரை எவரும் மேட்டுக்குப் போகலாகாது. அதற்குத் தாங்களே காவல் வைக்க வேண்டும். இவ்வோலை வாசித்த உடனே தாங்கள் நேரில் சென்று, தங்கள் கையாலேயே கொட்டிலின் கதவைத் திறந்து, நச்சியோடு அவள் வீட்டு அம்மி வரை நடந்து, விட்டு வரக் கடவீர்.

ஐயம் எழுமானால், இவ்வோலையின் கருகிய ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். இது அப்பனையில் வெட்டிப் பதம் செய்த ஏடு. அக்கருகலின் அருகே மன்னரின் முகில் இலச்சினை பதிந்துள்ளது.