மலை லைனும் ஒரு பச்சைத் துண்டும்

போர்மேன் சார்,

இன்று காலை பத்தேகால் மணிக்கு, கச்சிராயபாளையம் தாண்டி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில், அந்த மின்கம்பத்தின் கைப்பிடியில் ஐந்து தோள் துண்டுகள் கட்டப்பட்டிருந்தன. நானே நேரில் பார்த்தேன். இதற்கு வேறு ஆதாரம் தேடவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றுவிட்டேன். கல்வராயன் மலைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவதும் மறுபடி விடுவதும் அந்தக் கைப்பிடியில்தான். கீழே இழுத்தால் மலை முழுக்க மின்சாரம் இருக்காது; மேலே தள்ளினால் வந்துவிடும். பூட்டு தொங்கியது, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைப் பலகையும் தொங்கியது. அவற்றுக்குக் கீழே ஐந்து துண்டுகள். ஒன்று கட்சிக்கரை போட்டது.

தலைக்கவசம் மாட்டிய ஒரு பையன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"இன்னா சார், வீடியோ எடுக்கறீங்களா? யூடியூபா?"

"இல்லப்பா. இந்தத் துண்டெல்லாம் எதுக்கு?"

"அஞ்சு பேரு மேல கீறோம் சார். ஆளுக்கு ஒண்ணு. கட்டனவன்தான் வந்து அவுக்கணும். எல்லாம் அவுந்தாத்தான் கரண்டு."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல. இங்க அப்படித்தான்."

இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று உங்கள் பெயரைச் சொன்னேன். யோசித்துப் பார்த்து, "அவரு எந்த பேட்ச் சார்?" என்றான். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். தலைவர்களைப் பற்றி எத்தனையோ பேர் பேசக் கேட்டு எழுதியிருக்கிறேன். செய்தவர் பெயர் மறந்துபோய் செய்தது மட்டும் நிற்பதை இன்றுதான் பார்த்தேன்.

உங்களை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியது உங்கள் வசவு அல்ல, உங்கள் மௌனம். நான் இந்த வட்டாரத்துக்கு நிருபராக வந்த புதிது. கம்பத்தின் மேல் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். கீழே நீங்கள். உங்கள் கையில் அவருக்கு வந்த காகிதம், அவருடைய வேலை நிரந்தரமானதற்கான உத்தரவு. அதைப் பார்த்ததும் நான் மேலே பார்த்துக் கத்தப் போனேன். என் வாயைப் பொத்தினீர்கள்.

"மேல இருக்கறவன்கிட்ட நல்ல சேதிகூடச் சொல்லக் கூடாதுய்யா. எறங்கட்டும்."

அவர் இறங்கி, கை கழுவி, டீ குடித்து முடித்த பிறகு காகிதத்தைக் கொடுத்தீர்கள். அவர் அழுதார். நீங்கள் என்னைப் பார்த்து, "பாத்தியா? இந்த அழுகைய மேலயே அழுதிருந்தா?" என்றீர்கள்.

குழி தோண்டும் ஆளாகச் சேர்ந்து போர்மேன் ஆனவர் நீங்கள். மலைக்கு முதல் கம்பம் தூக்கியவர்களில் ஒருவர். உங்கள் ஆட்களில் யாருக்கு எந்த ஊரில் பெண் கட்டியிருக்கிறது என்பதுவரை உங்களுக்குத் தெரியும். திட்ட வேண்டிய தப்பு நடந்தால், "திட்டறத நாளைக்கு வெச்சிக்கலாம், இன்னிக்கு வேல ஜாஸ்தி" என்பீர்கள். மறுநாள் பெரும்பாலும் மறந்துவிடுவீர்கள். மறந்தீர்களா, மறந்ததுபோல் இருந்தீர்களா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரிப்புதான் பதில்.

இனி அந்த நாளைப் பற்றி. நாம் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளாத விஷயம் அந்த நாள் ஒன்றுதான்.

புயல் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மலைக் கம்பிகளின் மேல் மரங்கள் விழுந்து கிடந்தன. அன்று மாலை நாலு மணிக்கு மலைமேல் பள்ளி விடுதியின் புதுக் கட்டடத்தைத் திறந்துவைக்க ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. காலையிலேயே நான்கு பேரை அழைத்துக்கொண்டு போனீர்கள். நான்கு துண்டுகள் கைப்பிடியில் ஏறின. மூன்றரை மணிக்குள் மூன்று பேர் வந்து அவிழ்த்துக்கொண்டார்கள். ஒரு பச்சைத் துண்டு மட்டும் மிச்சம்.

அதைக் கட்டியவரைப் பச்சைத் துண்டுக்காரர் என்றே எழுதுகிறேன். பெயர் எழுதாததற்குக் காரணம் கடைசியில் வரும்.

நான் விழாவுக்குப் போகும் வழியில் அங்கே மொபெட்டை நிறுத்தினேன். எதிர் டீக்கடையில் கேட்ட செய்தியை உங்களிடம் சொன்னேன்.

"அவரு பஸ் ஏறி வூட்டுக்குப் போயிட்டாராம் சார். நீங்க கரண்ட விடுங்க."

"நீ பாத்தியா?"

"டீக்கடையில சொன்னாங்க."

"டீக்கடைக்காரரு பாத்தாரா?"

"யாரோ பாத்தாங்களாம்."

"அந்த யாரோவக் கூட்டினு வா."

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் உங்களுக்கு மேலதிகாரியான இளம் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். மலைமேல் எல்லாரும் காத்திருக்கிறார்கள், இப்போதே மின்சாரம் போக வேண்டும் என்றார். நீங்கள் வாதாடவில்லை. பூட்டைத் திறந்து, சாவியை அவர் கையில் கொடுத்து, கைப்பிடியைக் காட்டினீர்கள்.

"நீங்களே தள்ளுங்க சார். நான் ஓரமா நிக்கறேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்தார். பச்சைத் துண்டு அவர் விரல்களுக்குப் பக்கத்திலேயே தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார். "சீக்கிரம் ஆளக் கண்டுபிடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேலே இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்ல ஜீப்பில் ஏறிப் போனார்.

உங்கள் லாரியில் இரண்டு பேரை ஏற்றி, கம்பி போகும் வழியெல்லாம் பார்த்து வரும்படி மலைக்கு அனுப்பினீர்கள். மிச்சமிருந்த ஒருவரைப் பச்சைத் துண்டுக்காரர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். என்னிடம் திரும்பினீர்கள்.

"ரிப்போர்ட்டரே, சேதி கொண்டாந்தவன் நீ. நீயே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா."

"எனக்கு விழா இருக்கு சார்."

"அப்ப மொபெட்டக் குடு. இவன் போய்ட்டு வந்துடுவான்."

"நான் எதுல மேல போறது?"

அந்த ஆள் பஸ்ஸுக்காகப் போய் நின்றார்.

விழா பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. பெரிய அதிகாரி முகம் கொடுத்துப் பேசாமல் கிளம்பிப் போனார். ஏழு மணி வாக்கில் நான் இறங்கி வரும்போது லாரியில் போன இருவரும் ஆளைக் காணாமல் திரும்பியிருந்தார்கள்; நீங்கள் கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். சற்று நேரத்தில் கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. நீங்கள் அனுப்பிய ஆளும் பச்சைத் துண்டுக்காரரும் இறங்கினார்கள்.

நடந்தது இதுதான். மதியம் அவருடைய மைத்துனர் மலைக்கே தேடி வந்து, மனைவிக்கு வலி எடுத்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கி பஸ் ஏறிவிட்டார். துண்டு ஞாபகமே இல்லை. நீங்கள் அனுப்பியவர் முதலில் வீட்டுக்குப் போய், அங்கே விசாரித்து, அடுத்த பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அவர் உங்கள் காலில் விழப் போனார். தோளைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"கொழந்த?"

"பொண்ணு சார்."

"ரெண்டு பேரும் நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறாங்க. சார், நான்..."

"அவுத்துக்கினு ஓடுய்யா. கடைசி பஸ் போயிடப் போவுது."

அவர் அவிழ்த்தார். கைப்பிடியை மேலே தள்ளினீர்கள். மலைமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது கீழிருந்தே தெரிந்தது.

மறுநாள் என் செய்தி வந்தது. 'துண்டுக்காகக் காத்திருந்த மின்சாரம்' என்பது தலைப்பு, நானே வைத்தது. ஊழியர் பணியிடத்தில் இல்லை என்று தெரிந்தும் ஒரு போர்மேனின் பிடிவாதத்தால் மூன்று மணி நேரம் மலை மின்சாரமில்லாமல் கிடந்ததாக எழுதியிருந்தேன். 'தெரிந்தும்' என்ற அந்தச் சொல் பொய். அன்று யாருக்கும் தெரியாது. மூன்று வாய் மாறி வந்த பேச்சு அது. அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி பஸ்ஸுக்குக் காத்திருந்ததில் போனது என்றும் நான் எழுதவில்லை. மொபெட் சாவி என் சட்டைப் பையில் இருந்தது என்பதையும் எழுதவில்லை.

விசாரணை வைத்தார்கள். சொல்லாமல் போன ஊழியர் யார் என்று கேட்டார்கள். அப்போது அவர் தற்காலிகப் பணியாள். பெயர் வந்தால் அன்றோடு வேலை போயிருக்கும். "என் ஆளுங்க எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சி வெச்சிக்க வேண்டியது என் வேல. எனக்குத் தெரியல. தப்பு என்னுது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டீர்கள். உங்களை மணலூர்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள். வர வேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது மாதங்கள் ஓடிவிட்டிருந்தன. மணலூர்பேட்டைக்கு வந்தேன். கரும்புக் காட்டு ஓரம் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தீர்கள்.

"வாய்யா, தலைப்பு மன்னா! இன்னிக்கு எதுக்காகக் காத்திருக்குது மின்சாரம்?"

உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து, நடந்ததைத் திருத்தி எழுதுகிறேன் என்றேன்.

"எழுதினா, ஓடுனவன் யாருன்னு கேப்பாங்க. அவன் மொதல்ல பர்மனன்ட் ஆவட்டும்."

"நான் சொன்னது உண்மையாத்தானே சார் இருந்துச்சு? அவரு பஸ்லதானே போனாரு?"

அப்போது நீங்கள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சரியாத்தான் இருந்துது ரிப்போர்ட்டரே. ஆனா உனக்குத் தெரியாது."

பிறகு இடது கையை நீட்டினீர்கள். இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கும் அந்தக் கையை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. "எல்லாரும் எறங்கிட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னான். நான் எறங்கல" என்றீர்கள். அவ்வளவுதான். எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டீர்கள்.

சில வருடம் கழித்து பச்சைத் துண்டுக்காரர் நிரந்தரமானார். மறுபடி வந்து கேட்டேன். "இப்ப எழுதட்டுமா?"

"அத அவன் சொல்லணும். அவன் வாழ்க்கைல நடந்தது, நான் எடுத்துக் குடுக்க முடியாது. நீயும் போய் நச்சரிக்காத."

நச்சரிக்கவில்லை. நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். பார்க்கும்போதெல்லாம் என்னைத் தலைப்பு மன்னன் என்றே கூப்பிட்டீர்கள். எனக்குப் பழகிவிட்டது, கடைசி இரண்டு வருடம் அது பிடித்துக்கூடப் போயிற்று. போன மாசியில் உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் பச்சைத் துண்டுக்காரரும் ஒருவர். போன வாரம் அவரே கூப்பிட்டு, ஒருதரம் வீட்டுக்கு வர முடியுமா என்றார். இன்று காலை நான் அந்தப் பக்கம் பஸ் ஏறியது அதற்காகத்தான்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று பஸ்ஸில் யோசித்தேன். தலைமைப் பண்பு என்று பெயர் வைத்து நீங்கள் எதையும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு நான் எழுதிய எதையும், 'நீ பாத்தியா?' என்று உங்கள் குரலில் கேட்டுக்கொள்ளாமல் அனுப்பியதில்லை. அதனால் பல செய்திகள் எனக்குத் தாமதமாயின. சில வராமலே போயின. என்னிடம் வேலை பழக வந்தவர்கள் என்னை முசுடு என்றார்கள். அவர்கள் செய்த தப்புக்கு ஆசிரியர் கூப்பிட்டபோது நான்தான் முன்னால் போய் நின்றேன். எங்கே கற்றேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் மொபெட் கதையையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

பச்சைத் துண்டுக்காரரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"எழுதுங்க சார். எம்பேரப் போட்டே எழுதுங்க. அவரு போனப்புறமும் அவரு பிடிவாதக்காரருன்னு பேசிக்கினு இருக்காங்க. என்னால கேக்க முடியல."

"சரிங்க."

"ஒண்ணே ஒண்ணு. எம்பொண்ணுகிட்ட நான் மொதல்ல சொல்லணும். அவ பொறந்த நாளு வந்தா வூட்ல எல்லாரும் சிரிச்சிக்கினு இருப்பாங்க, நான் மட்டும் எழுந்து வெளிய போயிடுவேன். ஏன்னு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாது."

"அவங்க வேணாம்னு சொன்னா?"

அதுவரை நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார். "அப்ப போடாதீங்க" என்றார்.

என் பங்கை மேலே எழுதிவிட்டேன். அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. அவருடைய பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அது நிரம்பும்வரை இந்த மடல் அச்சுக்குப் போகாது. மகள் திருக்கோவிலூரில் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறார். சாப்பாடு முடிந்த பிறகு சொல்லப் போவதாகப் பச்சைத் துண்டுக்காரர் சொன்னார். அன்று மாலை ஆறு மணிக்குள் எனக்குப் போன் வரும்.