கடல் பக்கத்து ஆணிகள்

எங்கள் ஆபீஸ் வாசலில் போன வாரம் புதிதாக ஒரு தேங்காய்நார் மிதியடி வாங்கிப் போட்டார்கள். ஐப்பசி மழையில் அது ராத்திரி முழுக்க நனைந்திருக்கிறது. காலையில் குடையை மடக்கிக்கொண்டே அதன்மேல் கால் வைத்தேன். ஈர நாரின் வாடை குப்பென்று வந்தது. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமல் அங்கேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பியூன் வந்து, "என்ன சார், காலு வழுக்கிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உனக்குத் தெரியும் அந்த வாடை. புல் முளைக்காத நம் மணல் மைதானத்தில் பிட்ச் என்று ஒன்று ஏது? நீளமான தேங்காய்நார்ப் பாயை விரித்து, தண்ணீர் தெளித்து, நாலு பேர் சேர்ந்து இழுத்து, ஓரமெல்லாம் இரும்பு ஆணி அடித்து இறுக்கினால் அதுதான் பிட்ச். நான் ஆஃப் ஸ்பின் போடுவேன், நீ ஸ்டம்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பாய். எட்டு வருஷம் நாம் பார்த்துக்கொண்ட தூரம் அந்தப் பாயின் நீளம்தான். இப்போது அந்தத் தூரம் வேறு கணக்காகிவிட்டது.

நீ இருந்தால் இந்த இடத்திலேயே என்னை நக்கல் செய்திருப்பாய். வாயை மூடாத கீப்பர் நீ. பேட்ஸ்மேன் காதில் விழும்படி பிரெஞ்சில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாய். கும்பகோணத்துப் பையன் ஒருவன், "என்னைத் திட்டுகிறான் சார்" என்று அம்பயரிடம் புகார் செய்தான். "மத்தியானம் என்ன குழம்புன்னு எனக்கு நானே கேட்டுக்கிட்டேன் சார்" என்றாய் நீ. அம்பயரே சிரித்துவிட்டார். சொல்தா வீட்டுப் பிள்ளை; பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் ஊரில் பட்டாளத்துக்காரர்களை அப்படித்தான் சொல்வோம். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர். உனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது, பட்டாளத்துக்கு வரச் சொல்லிக் கடுதாசியும் வந்துவிட்டது. "கிரிக்கெட்டே இல்லாத தேசத்துக்கு ஒரு விக்கெட் கீப்பரக் கூப்புடுறானுவ, புத்திய பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபத்தொன்பது கோடை அது. மாயவரம் டீமோடு ஃபைனல். அது முடிந்து நாலாம் நாள் உனக்குப் பயணம்.

அந்த ஃபைனலைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். நாம் முதலில் ஆடி நூற்று முப்பத்திரண்டு எடுத்தோம். உனக்குத் தெரியாததை இதில் என்ன சொல்லப்போகிறேன்? ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தடவைகூட நாம் இதை வாய்விட்டுப் பேசியதில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் பாய் தளர்ந்திருக்கும். அடுத்து ஃபீல்டிங் செய்யப்போகிற டீம்தான் அதை மறுபடி இழுத்து அடிக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்கு எதிராளி மேல் எவ்வளவு நம்பிக்கை பார். கடல் பக்கத்து முனை எப்போதும் உனக்கும் எனக்கும். அன்றைக்கும் நீ இடது ஓரம் அடித்தாய், நான் வலது ஓரம். என் பந்து வழக்கமாக விழுகிற இடத்துக்கு நேராக மூன்று ஆணிகளை நான் பாதிதான் இறக்கினேன். காலால் பாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளியும் விட்டேன். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தொய்ந்த பாயில் விழுகிற பந்து ஒரு நொடி தயங்கும், பிறகு கன்னாபின்னாவென்று திரும்பும்.

உன்னை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அப்படிச் செய்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. செமி ஃபைனலில் என்னைத் துவைத்து எடுத்திருந்தார்கள். இன்னொரு நாள் அப்படி நடந்தால் ஊருக்குள் தலை காட்ட முடியாது என்ற பயம் மீதிப் பாதி.

என் மூன்றாவது ஓவருக்குள் இரண்டு விக்கெட். அவர்களுடைய கேப்டன் போல்டாகிவிட்டு, நகராமல் பாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்கள். நீ வரவில்லை. அந்த நேரத்தில் நீ வாயைத் திறக்காமல் இருந்ததுதான் நீ கண்டுபிடித்துவிட்டாய் என்பதற்கு எனக்கு முதல் அடையாளம். தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்தியபோது நீ போய்ச் சுத்தியலை வாங்கி வந்தாய். "மேட் கொஞ்சம் தூக்குது சார்" என்று அம்பயரிடம் சொல்லிவிட்டு, என் மூன்று ஆணிகளையும் தலை மறையும் வரை அடித்தாய். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. கீப்பர் ஆணி அடிப்பது புதிதா என்ன?

நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். "ஒன்ன யாருடா அடிக்கச் சொன்னா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீ சொல்ல மாட்டன்னுதான் நானே அடிச்சேன்."

"தோத்தா நீதான் காரணம்."

"சரி, நான்தான். இப்ப போடு, வந்து" என்றாய்.

அடுத்த ஓவரில் பதினாறு ரன் போனது. நம் கேப்டனை ஊரே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும், பெரிய கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கோபமே வராத மனுஷர். அவரே முகத்தைச் சுளித்துக்கொண்டு பந்தை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். பவுண்டரியில் போய் நின்றேன். உன்மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பாக இருந்தது. எட்டு வருஷத்துப் பழக்கத்தை எட்டு நிமிஷத்தில் வெறுக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாலு மணி வாக்கில் கடல்காற்று எழுந்தது. வேறு வழியில்லாமல் நானா மறுபடி என்னைக் கூப்பிட்டார். எனக்கு மூன்று ஓவர்தான் மிச்சம். நீ தொப்பியை இழுத்துவிட்டால் மெதுவாகத் தூக்கிப் போடு, எதிர்காற்று பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம். நீ இழுத்துவிட்டாய். நான் வேண்டுமென்றே வேகமாகப் போட்டேன், பவுண்டரி. மறுபடி இழுத்துவிட்டாய். மறுபடி வேகமாகப் போட்டேன், மறுபடி பவுண்டரி. மூன்றாவது தடவை நீ தொப்பியைத் தொட்டபோது உன் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. தூக்கிப் போட்டேன். பந்து காற்றில் நின்று இறங்கியது, பேட்ஸ்மேன் முன்னால் இறங்கி வந்து தவறவிட்டான், நீ பெயிலைத் தட்டினாய்.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. நீ சொன்னதைப் போட்டேன். அந்த மூன்று ஓவரில் ஐந்து விக்கெட். கடைசி ஆள் நிற்க, ஏழு ரன் தேவை. அவனும் இறங்கி வந்தான். நீ பெயிலைத் தட்டிவிட்டு அப்பீல்கூடச் செய்யவில்லை, கிளவுசில் பந்தை வைத்து என் பக்கம் நீட்டிக் காட்டினாய். எனக்கு விழுந்த விக்கெட்டுகளிலேயே சுத்தமானது அது. பாய் பலகை மாதிரி இறுகியிருந்தது.

கூட்டம் என்னைத் தோளில் தூக்கியது. தோள் மேலிருந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஷாமியானாவுக்குப் பின்னால் நானா உன்னிடம் ஏதோ கேட்கிறார், நீ தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்கிறாய். போட்டுக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். கோப்பையோடு வேனில் ஊர்வலம் போனபோது நான் மேலே நின்று கையாட்டினேன், நீ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். நானா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெருந்தன்மையாக விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நீ புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சைக்கிளில் கோட்டுச்சேரிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாய். நான் கொல்லைப் பக்கம் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றேன். "அண்ணன் வயலுக்குப் போயிருக்கு, எப்ப வரும்னு தெரியல" என்று என் தங்கை சொன்னது எனக்குக் கேட்டது. "வந்தா, காலையில மெட்ராஸ் பஸ்ஸுல போறேன்னு சொல்லு. கோட்டுச்சேரி ஸ்டாப்பிங்ல நிக்கச் சொல்லு" என்றாய்.

நின்றேன். அதுதான் உனக்குத் தெரியாது. ஸ்டாப்பிங்குக்கு எதிரே சைக்கிள் கடை உள்ளே நின்றேன். பஸ் வந்தது. நீ இறங்கி, ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாய். புது பேண்ட், புது பூட்ஸ். கண்டக்டர் விசில் கொடுத்தார். நீ ஏதோ கெஞ்சினாய், இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தினார். பத்தடி நடந்தால் உன் கையைப் பிடித்திருக்கலாம். நான் நடக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து உன் முதல் கடிதம். அங்கே குளிரில் விரல் மடங்கவில்லை என்றும், சாப்பாட்டு மேசையில் ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்ததைப் பார்த்து உன்னை சர்க்கஸ்காரன் என்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஸ்டாப்பிங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் மழை, நடவு, யார் யாருக்குக் கல்யாணம் என்று எழுதினேன். எண்பத்தைந்தில் மனைவி, மகளோடு வக்கான்ஸ் என்று லீவுக்கு வந்தாய். கருக்களாச்சேரி கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். ஆரம்பித்தேன்கூட. உன் பெண் அலை வரைக்கும் ஓடிவிட்டாள், நீ பின்னாலேயே ஓடினாய். திரும்பி வந்து, "என்னமோ சொல்ல வந்தியே" என்றாய். "ஒண்ணுமில்ல, மீன் வாங்கிட்டுப் போலாமான்னு கேட்டேன்" என்றேன்.

போன மாதம் தருமபுரத்தில் உன் அம்மா வீட்டுக்குத் தகவல் வந்தது. வேலைக்குப் போகிற வழியில் நெஞ்சு வலி என்றார்கள். முப்பது சொச்சம் வயதில் அதெல்லாம் வருமா? உன் உடம்பை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே உன் படத்துக்கு ஒரு மாலை, அவ்வளவுதான். பழைய டீமில் ஊரில் இருப்பவர்கள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். திரும்பும்போது நானாவும் நானும் மட்டும் டீக்கடையில் நின்றோம்.

நானா கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல கீப்பருடா. அந்த ஃபைனல்லதான் ஒரு தப்புப் பண்ணிட்டான். அல்லா மன்னிக்கணும்" என்றார்.

"என்ன தப்பு நானா?"

"ஒனக்குத் தெரியாதுல்ல. மாயவரம் கேப்டன் ஆட்டம் முடிஞ்சதும் வந்து சண்ட போட்டாரு, மொதல்ல மேட்ட லூசா வச்சிருந்தீங்கன்னு. போயி இவன்ட்ட கேட்டேன். வலது பக்கம் நான்தான் அடிச்சேன் நானா, வேணும்னுதான் லூசா வுட்டேன்னான். மனசு உறுத்தி அவனே திரும்ப அடிச்சிட்டான்னு நெனச்சுக்கிட்டேன். ஒன்கிட்ட சொல்லாதீங்கன்னு வேற சொன்னான்."

என் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. "நானா, வலது பக்கம் அடிச்சது நான்" என்றேன்.

நானா என்னைப் பார்த்தார். "ஒம்போது வருஷமா எங்கடா வச்சிருந்த இத?" என்றார். பிறகு தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "பயணம் போறப்ப கடைக்கு வந்து, போயிட்டு வரேன் நானான்னு நின்னான். நான் துணியளந்துகிட்டே தலைய ஆட்டுனேன். நிமிந்துகூடப் பாக்கல" என்றார். கிளாசை வைத்துவிட்டு, "வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். திரும்ப உன் அம்மாவிடம் போனோம்.

நானாதான் ஆரம்பித்தார். பாய், ஆணி, மாயவரம் என்று ஏதேதோ சொன்னார். உன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அவன் போனன்னிக்கி நீங்க ரெண்டு பேரும் ஏன் வரல? இங்க ஸ்டாண்டுல பஸ்ஸுல ஏறாம ஒங்களயேதான் தேடிக்கிட்டு நின்னுச்சு எம் புள்ள" என்றார்கள்.

நானா தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன். வைக்கோல் போர், சைக்கிள் கடை, படியில் இருந்த உன் கால், எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது. உன் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உன்னை மனசு தேடுகிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் ஃபைனலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் எடுத்தது ஐந்து விக்கெட் என்றுதான் சொல்கிறேன். அந்த ஐந்தும் நீ கேட்டு நான் போட்டவை. "ஏழுல்ல எடுத்தீங்க?" என்று சண்டைக்கு வருகிறார்கள். நீ இருந்திருந்தால் உன்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பேன். நீயும் வந்திருப்பாய். வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏழு என்றுதான் சொல்லியிருப்பாய்.