மழையில் நனையாத கல்

இன்று காலை கூடத்தைப் பெருக்கும்போது விளக்குமாற்றில் ஒரு சில்லு தட்டுப்பட்டது. நேற்று அது தரையோடு இருந்தது. பெயர்ந்த இடத்தில் சின்னக் குழி. அதன் அடியில் ஒரு கறுப்புக் கல், கல்லைச் சுற்றி வெள்ளைப் பொடி. குனிந்து முகர்ந்தேன். ஈரச் சுண்ணாம்பு வாடை. உடனே உன் முகம் வந்து நின்றது. இறந்துபோன நண்பர்கள் பிறருக்குக் கனவில் வருகிறார்களாம். நீ எனக்குத் தரையைப் பெயர்த்துக்கொண்டு வருகிறாய்.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நீ கான்ட்ராக்டர் ஆனாய், நான் வேதியியல் ஆசிரியர் ஆனேன். ஓய்வு பெற்றதும் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் வீடு கட்ட வேறு யாரையும் நான் தேடவில்லை. தரை போடும் நேரத்தில், ஜல்லி வரவேண்டிய லாரியில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ வந்து இறங்கியது. உருக்காலையில் எஃகு காய்ச்சும்போது ஒதுங்கும் கழிவு என்றாய். மலையை உடைக்காமல், மிஞ்சியதை வைத்தே கட்டலாம் என்றாய். நல்ல யோசனைதான். அதை நான் இன்றும் மறுக்கவில்லை.

"இதைக் கொஞ்ச காலம் மழையில போட்டு வைப்பா" என்றேன். "எஃகு காய்ச்சுறப்ப சுண்ணாம்பு சேர்ப்பாங்க. அது உள்ளுக்குள்ள மிச்சம் இருக்கும். வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணியில போட்டா எப்படி ஊதுது? அது மாதிரி இதுவும் ஊதும். அதெல்லாம் ஊதி முடிச்ச பெறகு எடுத்துக்கலாம்."

நீ வேலியோரம் போய் ஒரு இரும்புக் கிட்டத்தை எடுத்து வந்தாய். எந்தக் காலத்திலோ இந்தச் செம்மண்ணில் இரும்பு உருக்கியவர்கள் கொட்டிவிட்டுப் போனது; நம் பக்கத்துக் காடுகளில் காலில் இடறும்.

"இது எம்புட்டு காலமா இங்கிட்டுக் கெடக்கு? ஊதுச்சா, வெடிச்சுச்சா? அதுவும் இதுவும் அண்ணன் தம்பி, வாத்தியாரே. ஒனக்கு வீடு வேணுமா, பரீட்சை வேணுமா?"

கொத்தனார்கள் சிரித்தார்கள். பழைய கிட்டத்தில் யாரும் சுண்ணாம்பு சேர்க்கவில்லை என்று விளக்கினேன். தோற்றம் ஒன்றாக இருப்பதால் உப்பும் சர்க்கரையும் ஒன்றாகிவிடுமா என்றும் கேட்டேன். சரி, காத்திருக்கலாம் என்று தலையாட்டினாய். நான் மீமிசலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று தரையைப் போட்டு முடித்துவிட்டாய்.

அடுத்த ஐப்பசி மழையில் தரை உப்பியது. சமையலறையில் எழும்பி நின்ற மேட்டில் என் மனைவி மங்கை இடறி விழுந்தாள். அவள் முட்டி அன்றோடு போயிற்று. கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். பார்க்க வந்த நீ அவள் முகத்துக்கு நேரே சொன்னாய்: "தரை மூச்சு விடுதும்மா. தானா அடங்கிரும்."

அடங்கியது நீதான். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாமல், சண்டைக்கும் நிற்காமல், மாரடைப்பில் போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் எல்லாரும் உன்னைத் தங்கமான மனுசன் என்றார்கள். நான் மாலையைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

போன மாதம் உன் மனைவி வந்தாள். "அண்ணே, அவுக எறக்கின கல்லுல மிச்சம் நம்ம தோப்புல கெடக்கு. அதைப் போட்டு நானே ஆள் வச்சுத் தரையை மாத்தித் தாரேன்."

மங்கைக்கு வந்ததே கோபம்! "அந்தக் கல்லா? ஒரு முட்டி பத்தலையா தாயி? இன்னொன்னும் வேணுமா?"

உன் மனைவி அழுதாள். நான் மட்டும் தோப்புக்குப் போய்ப் பார்த்தேன். நீ செத்ததால் அந்தக் குவியலைத் தொட ஆளில்லை. மழைக்கு மழை நனைந்து, வெயிலில் காய்ந்து, மேலே புல் முளைத்துக் கிடந்தது. நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்ட காத்திருப்பு உன் சாவால் அதற்குக் கிடைத்திருந்தது. குவியலின் மேலிருந்தும் அடியிலிருந்தும் கல் எடுத்துப் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். ஊதல் அடங்கிவிட்டது, தரைக்குத் தாராளமாகப் போடலாம் என்றார்கள். அன்றே நீ காத்திருந்தால் போதுமாக இருந்தது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மங்கை அரைமனதாகச் சம்மதித்தாள்; உன் மனைவி வைத்த ஆட்கள் அந்தக் கல்லைப் போட்டே சமையலறையை முடித்துவிட்டார்கள். நாளை கூடத்தை உடைக்கிறார்கள். நேற்று மங்கை புதுத் தரையில் கம்பை எடுத்து இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தாள். பிறகு கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடுப்புவரை தனியாக நடந்தாள்.

"கல்லு மேல தப்பில்லைங்க" என்றாள்.

உன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் குழியிலிருந்து நோண்டி எடுத்த கல் மேசைமேல் இருக்கிறது. சாயங்காலம் அதை வெளியே மழையில் வைத்துவிடுவேன். உன்மேல் உள்ள கோபத்தை அப்படி வெளியே வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அது புதுக் கல்லாகவே, ஒரு துளிகூட நனையாமல், என்னிடம் இருக்கிறது.