மேடம் என்ற செபராவ்

உலு திராம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் கிளாரிசாவுக்கு,

ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். நார்வே குளிருக்கு அவரும் கம்பளி போட்டிருப்பார் என்று நம்புகிறேன். அம்மா நலம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ உடனே அழைப்பாய், நான் பேச வேண்டியிருக்கும். அதனால் கடிதம்.

நாங்கள் மேடம் என்று அழைத்த பெரிய செபராவ் மீனின் மரபணு வரிசையை முழுக்கப் படித்து முடித்துவிட்டாய் என்று கேட்டு எங்கள் தூண்டில் குழுவே பெருமைப்பட்டது. பிடித்த மீனை முத்தமிட்டு, படம் எடுத்து, ஆற்றில் விடுவது குழுவின் சட்டம். அதற்காக அன்று ஈரலும் மூளையும் வேண்டும் என்று நீ கேட்டதும் கூட்டம் போட்டோம். "அலமாக், எத்தன தடவ என் கையால விட்ட மீன் லா! இப்ப கொன்னு குடுக்கணுமா?" என்று அய்யாவு அங்கிள் எழுந்து போய்விட்டார். பிறகு அவரேதான் மேடத்தைப் பிடித்துக் கொடுத்தார். மாதிரி எடுக்க வந்த பல்கலைக்கழகப் பெண் ஈரலை உறைய வைத்தபோது தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஓர் உயிரை எடுத்ததற்காகக் குழுவில் ரூபேந்திரன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆற்றிலிருந்து பத்து மீன் வேண்டும், துடுப்பில் சிறு துண்டு போதும், உயிரோடு விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அங்கிளுக்கு மிகவும் பிடித்த வரி அது.

போன செவ்வாய் காலையில் ஆறு கறுப்பாக வந்தது. மேலே ஏதோ தொழிற்சாலை கழிவைத் திறந்துவிட்டது என்கிறார்கள். எது என்று யாருக்கும் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் எல்லா மீனும் வயிறு தெரிய மிதந்தன. இதற்குக் கூட்டம் போடும் அவசியம் ஏற்படவில்லை.

புகார் கொடுத்தோம். ஓர் அலுவலகம், தண்ணீர்தான் தங்கள் பொறுப்பு, மீன் இல்லை என்றது. இன்னொன்று, மீன் தங்கள் பொறுப்புதான், ஆனால் உயிரோடு இருந்தால் என்றது. வெள்ளிக்கிழமை வந்து புட்டியில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். அதற்குள் மழை பெய்து ஆறு தெளிந்திருந்தது. தண்ணீர் நன்றாக இருப்பதாக அறிக்கை வரும்.

உன் வேலை நிற்காது, பயப்படாதே. மீன்கள் செத்த அன்றைக்கே அங்கிள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மிதந்த செபராவ்களின் துடுப்பை வெட்டி, நீ அனுப்பிய குப்பிகளில் போட்டுவிட்டார். நீ கேட்டது பத்து. குப்பிகள் தீர்ந்த பிறகும் அவர் வெட்டிக்கொண்டேதான் இருந்தார். நான்தான் கையைப் பிடித்துக் கரையேற்றினேன்.

இன்று பூசை முடிந்து திரும்பும்போது அங்கிள் வீட்டு வாசலில் காத்திருந்தார். "லியோ, மேடத்தோட மரபணு எழுத்தெல்லாம் பாப்பாகிட்ட பத்திரமா இருக்குல்ல? அத வெச்சு இன்னொன்னு செஞ்சு அனுப்ப முடியுமான்னு கேளேன்" என்றார். பதில் எனக்குத் தெரியும். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

குப்பிகள் தனியாக வருகின்றன. கிடைத்ததும் அங்கிளுக்கு ஒரு வரி எழுது, கண்ணு: பார்க்கிறேன் அங்கிள் என்று மட்டும். முடியாது என்பதை ஊருக்கு வரும்போது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம். சீக்கிரம் வா. தூண்டிலை எடுத்துக்கொண்டு அவர் தினமும் ஆற்றுக்குப் போகிறார்.

உன்னை ஆசீர்வதிக்கும்,
அப்பா லியோனார்ட்