தண்ணீர்ப் பாம்புதானே என்றேன்

நேற்று மழையில் கொல்லைச் சாக்கடை வழியாக ஒரு தண்ணீர்ப் பாம்பு உள்ளே வந்துவிட்டது. மருமகள் அதை விளக்குமாற்றால் வெளியே தள்ளிவிட்டு, "தண்ணிப் பாம்புதானே மாமா, அது என்ன செஞ்சுடும்?" என்றாள். உன்னிடம் நான் சொன்ன அதே வார்த்தை. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில் ஒரே ஊர்க்காரர்களான நாம் இருவரும் மஸ்கட்டில், ரூவியில் கட்டட வேலை பார்த்தபோது வந்த ஒரு வெள்ளிக்கிழமை அது. இன்னும் பத்து நாளில் நீ லீவில் கிளம்ப வேண்டியவன். போட்டோவில் மட்டுமே பார்த்த மகளைத் தூக்கப் போகிறவன். கேம்ப் ஆட்கள் கடலுக்குப் போனால் லீவு ரத்து என்று போர்மேன் சொல்லி வைத்திருந்தார். "சிமெண்டையும் மணலையும் பாத்துட்டுப் போயி ஊர்ல என்னடா சொல்றது? ஒரு தீவையாவது பாத்துட்டுப் போறேன்" என்றாய். தடுத்திருக்க வேண்டியவன் நான். படகுக்காரரைப் பிடித்ததே நான்தான்.

அன்று காற்றே இல்லை. கொஞ்ச தூரம் கூடவே துள்ளி வந்த டால்பின்கள் தீவு தெரிந்ததும் காணாமல் போயின. மரமில்லை, மனிதரில்லை. பாறை உச்சியில் ஒரு பெரிய பருந்து மீனைக் கிழித்துக்கொண்டிருந்தது. நாம் கிட்டே போயும் அது பறக்கவில்லை. மணலில் டிராக்டர் போனதுபோல ஒரு தடம். அதன் முடிவில் ஆமை ஒன்று செத்துக் கிடக்க, நண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. "சகுனம் பிரமாதம்" என்று நான் கிண்டல் செய்தேன். எதற்கும் சிரிப்பவன், நீ சிரிக்கவில்லை.

பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் ஒரு பாம்பு சோம்பலாக நெளிந்தது. "நம்மூரு தண்ணிப் பாம்புதாண்டா, புடி" என்றேன். நாற்றுப் பறிக்கும்போது வாலைப் பிடித்து வரப்புக்கு அந்தப் பக்கம் வீசிப் பழகிய கை உன்னுடையது. தண்ணீரில் கிடப்பதற்கு விஷமில்லை என்பது வயல்காட்டில் நமக்கு வேதம். வால் மட்டும் துடுப்புப்போலத் தட்டையாக இருந்தது. அதைப் பார்த்தோம், ஆனால் கடல் பாம்பு என்று யோசிக்கவில்லை.

பிடித்து வீசிய உன் புறங்கையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். "முள்ளு குத்துன மாதிரிகூட இல்ல. வலிக்கவே இல்லடா."

படகுக்காரர் ஓடி வந்தார். தன் விரலைப் பல்லில் வைத்துக் காட்டி, "காட்டா க்யா?", கடித்ததா என்று இந்தியில் கேட்டார். நீ கையைக் கைலி மடிப்புக்குள் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாய். அவர் போர்மேனுக்குத் தெரிந்தவர் என்பது படகில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. விஷயம் போனால் உன் லீவும் போகும். "மாஃபி, மாஃபி" என்றேன். இல்லவே இல்லை என்று அரபியில் இரண்டு முறை. அவர் நம்பவில்லை. படகருகில் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். உன்னால் வாயைத் திறக்க முடியவில்லை. "தாடை இறுக்குதுடா. வெயிலா இருக்கும்." நானும் வெயில் என்றே சொன்னேன். பயத்தில் சொன்னேன், தெரியாமல் சொல்லவில்லை. உன் இமைகள் சரியத் தொடங்கிய பிறகுதான் அவரிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவர் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

படகில் தடித்த நாக்கோடு நீ கடைசியாகச் சொன்னது: "போர்மேன்ட்ட சொல்லிராதடா."

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் உன் மூச்சு நின்றது. "கடித்தவுடனே ஏன் சொல்லவில்லை?" என்று டாக்டர் கேட்டார். பத்தாம் நாள், குறித்த விமானத்திலேயே நீ ஊருக்குப் போனாய். உன் லீவை யாரும் ரத்து செய்யவில்லை.

நேற்று மருமகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒண்ணும் கடிக்கல மாமா. வலியே இல்ல, பாருங்க" என்று சிரித்தாள். யாராவது வலிக்கவில்லை என்றால்தான் எனக்குப் பயம், அது அவளுக்குத் தெரியாது. இருட்டும்வரை ஏதேதோ கேட்டு அவளைப் பேச வைத்து, வாய் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.